தோட்டத்து முள் சிலந்தி எந்த இனம்? படிப்படியாகக் கண்டுபிடிக்க ஒரு முழு வழிகாட்டி

செம்பருத்திக்கும் மதில் சுவருக்கும் நடுவே, சரியாக முகத்தில் மோதும் உயரத்தில், ஏதோ ஒன்று அந்தரத்தில் தொங்கும். மஞ்சளும் கறுப்புமாக மினுங்கும், ஓரத்தில் முள் முள்ளாக நீட்டிக்கொண்டிருக்கும். வண்டா, காய்ந்த விதையா என்று கிட்டப் போனால் கால்கள் தெரியும். எண்ணினால் எட்டு. முள் சிலந்திதான், சந்தேகமில்லை. ஆனால் எந்த முள் சிலந்தி?

பெரும்பாலானவர்கள் செய்வது இதுதான்: போனில் ஒரு படம் எடுத்து, படத்தேடலில் போட்டு, முதலில் வரும் பெயரை எழுதிக்கொள்வது. வருவது அநேகமாக காஸ்டெரகாந்தா கான்க்ரிஃபார்மிஸ் என்ற பெயராக இருக்கும். அது அமெரிக்கக் கண்டங்களின் சிலந்தி. உயிரினங்களுக்கு இரட்டைப் பெயர் வைக்கும் முறையைக் கொண்டுவந்த ஸ்வீடன் அறிஞர் லின்னேயஸ் 1758-லேயே பெயர் வைத்துவிட்டார். அமெரிக்க நாட்டின் தென்பகுதியில் தொடங்கி அர்ஜென்டினா வரை அதன் எல்லை. ஃபுளோரிடாவில் வீட்டுக்கு வீடு, ஆரஞ்சுத் தோட்டத்துக்குத் தோட்டம் இருப்பதால் இணையத்தில் அதன் படங்கள் குவிந்து கிடக்கின்றன. தேடுபொறி அதையே எடுத்து நீட்டுகிறது. நாகர்கோவிலிலோ கண்டியிலோ உங்கள் வீட்டுக் கொல்லையில் இருப்பது அது இல்லை. இந்த ஒரு பெயரைக் கழித்தாலே பாதித் தவறு போய்விடும்.

இரண்டாவது தவறு, நிறத்தை நம்புவது. கண்ணுக்கு முதலில் படுவது நிறம், இனம் சொல்ல உதவுவதில் கடைசி இடமும் அதற்குத்தான். ஒரே இனத்தில் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று மூன்று விதமும் உண்டு. வேறு வேறு இனங்கள் ஒரே நிறத்தில் இருப்பதும் உண்டு. அதனால் கீழே உள்ள வரிசையில் நிறம் பின்னால்தான் வரும். வரிசையை மாற்றாமல் பாருங்கள்.

தமிழ்நாடு, கேரளம், இலங்கைத் தோட்டங்களை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். மலேசியா, சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

முதல் படி: முதலில் வலையைப் பாருங்கள்

சிலந்தியைத் தொந்தரவு செய்வதற்கு முன்னால் இரண்டடி தள்ளி நின்று வலையைப் பாருங்கள். முள் சிலந்தி கட்டுவது வட்ட வலை. நடுவிலிருந்து ஆரங்கள் பிரியும், அவற்றின் மேல் பசை நூல் சுருள் சுருளாகச் சுற்றி வரும். கிட்டத்தட்ட நிமிர்ந்து நிற்கும், கொஞ்சம் சாய்ந்தும் இருக்கும். சிலந்தி உட்கார்ந்திருக்கும் நடுப்பகுதிக்கும் பசைச் சுருள் ஆரம்பிக்கும் இடத்துக்கும் நடுவில் ஓர் இடைவெளி இருக்கும். ஃபுளோரிடா இனத்தில் இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள்: இடைவெளி 4 முதல் 8 சென்டிமீட்டர், ஆரங்கள் 10 முதல் 30 வரை, இரை பிடிக்கும் பரப்பு 30 முதல் 60 சென்டிமீட்டர் குறுக்களவு. சுண்டுவிரல் நகத்தளவு உடம்புக்கு இவ்வளவு பெரிய வலை!

இனி வெயில் உங்களுக்கு எதிரே வருகிற மாதிரி நின்று, வலையைச் செடியோடும் சுவரோடும் கட்டியிருக்கும் வெளி நூல்களைப் பாருங்கள். அந்த நூல்களில் பஞ்சுத் துணுக்கு போல வெள்ளைத் திட்டுகள் விட்டு விட்டு ஒட்டியிருக்கும். அழுக்கோ ஒட்டடையோ இல்லை, சிலந்தி தானே வைத்த பட்டு. எல்லா முள் சிலந்தியும் எல்லா நாளும் வைக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் இருந்தால் நல்ல அடையாளம். பறவைகள் தெரியாமல் வந்து மோதி வலையைக் கிழிக்காமல் இருக்க வைக்கிறது என்பது ஒரு விளக்கம். பூச்சிகளை இழுக்க என்பது இன்னொன்று. ஆராய்ச்சியாளர்கள் இன்னும் ஒரு முடிவுக்கு வந்தபாடில்லை.

வலையை வைத்தே சிலரை வரிசையிலிருந்து நீக்கிவிடலாம். நடுவில் பெருக்கல் குறி மாதிரி கோணல்மாணலாகத் தடித்த பட்டு தெரிந்தால் அது ஆர்ஜியோபி வகை. நம் தோட்டங்களில் ரொம்ப சகஜம், அதுவும் மஞ்சள் பட்டை போட்டிருக்கும், அதனால்தான் குழப்பம். நூல் பொன்னிறமாக மின்னி, சிலந்தி கைப்பிடி அளவு இருந்தால் நெஃபிலா. வலை விரித்த குடையாகப் படுத்திருந்து, மேலும் கீழும் நூல் சிக்கலாக இருந்தால் சிர்டோஃபோரா. வேலிகளில் கும்பலாகக் கட்டும். வலையின் நடுவில் குப்பையை ஒரு கோடாக அடுக்கி, அதற்குள் ஒளிந்திருந்தால் சைக்ளோசா. வலையே இல்லாமல் பூவில் பதுங்கியிருந்தால் நண்டுச் சிலந்தி.

நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். பல வட்ட வலைச் சிலந்திகள் இருட்டிய பிறகே நடுவுக்கு வரும், பகலில் இலைக்கடியில் போய் மடங்கிக்கொள்ளும். முள் சிலந்தி உச்சி வெயிலிலும் வலையின் நடுவில் அப்படியே இருக்கும். அந்த ஓட்டு உடம்பும் முள்ளும் இருக்கிற தைரியம்.

இரண்டாவது படி: உண்மையிலேயே முள் சிலந்திதானா?

மூன்று கேள்விகள். உடம்பின் நீளத்தைவிட அகலம் அதிகமா? மேல்பக்கம் வழுவழுப்பான, கெட்டியான ஓடா? ஓரத்தில் முள் உண்டா? மூன்றுக்கும் ஆம் என்றால் காஸ்டெரகாந்தாவும் அதன் நெருங்கிய உறவுகளும் சேர்ந்த முள் சிலந்திக் கூட்டத்துக்குள் வந்துவிட்டோம்.

நாம் பார்ப்பது முழுக்க வயிற்றுப் பகுதிதான் என்பது நினைவிருக்கட்டும். தலையும் மார்பும் சேர்ந்த முன்பகுதி சின்னது. அந்த அகலமான ஓட்டின் அடியில் பாதி மறைந்து கிடக்கும். கால்களும் குட்டை. அதனால்தான் தூரத்திலிருந்து பார்க்கும்போது சிலந்தி என்றே தோன்றுவதில்லை. காஸ்டெரகாந்தா என்ற பேரினப் பெயரை (நெருங்கிய இனங்களைச் சேர்த்து வைக்கும் தொகுதிதான் பேரினம்) கிரேக்கத்தில் வயிறு, முள் என்ற இரண்டு சொற்களைச் சேர்த்து ஸ்வீடன் விலங்கியலாளர் சுண்டெவால் 1833-ல் வைத்தார்.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். நீங்கள் பார்ப்பது பெண் சிலந்தி. ஆண் இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் இருக்கும், நிறம் மங்கல், நீள முள்ளும் கிடையாது. பெண்ணின் வலை ஓரத்தில் ஒரு தூசு போலத் தொங்கி, நூலைத் தட்டித் தட்டித் தன் வரவைத் தெரிவிக்கும். அதை வைத்து இனம் சொல்லப் போகாதீர்கள். நிபுணர்களே நுண்ணோக்கி கேட்பார்கள். குஞ்சுகளும் அப்படியே. முள் முழுதாக வளர்ந்திருக்காது, நிறமும் மாறிக்கொண்டே இருக்கும்.

மூன்றாவது படி: நான்கு படங்கள்

மேலிருந்து ஒரு படம் போதாது. குறைந்தது நான்கு வேண்டும்: ஓட்டின் மேல்பக்கம், அடிப்பக்கம், பக்கவாட்டு, முழு வலை. வலை அந்தரத்தில் இருப்பதால் சிலந்தியைத் தொடாமலே இரண்டு பக்கமும் போய் எடுத்துவிடலாம். மற்ற சிலந்திகளில் கிடைக்காத வசதி.

போன் கேமரா பின்னால் இருக்கும் செடியைத்தான் பிடித்துக்கொள்ளும், சிலந்தி மங்கிப்போகும். சிலந்திக்கு ஒரு சாண் பின்னால், வலையில் படாமல், உள்ளங்கையையோ ஒரு கறுப்பு அட்டையையோ பிடியுங்கள். கவனம் தானாக அதன் மேல் விழும். கிளிப் வைத்த மேக்ரோ லென்ஸ் இருந்தால் இன்னும் நல்லது. ஃபிளாஷ் வேண்டாம். ஓடு வழுவழுப்பாக இருப்பதால் வெளிச்சம் பட்டுத் தெறித்து, நமக்கு வேண்டிய புள்ளிகள் எல்லாம் வெள்ளையில் கரைந்துவிடும். காலை ஏழு எட்டு மணி வெளிச்சம் போதும். அந்நேரம் காற்றும் குறைவு. மூச்சு மேலே படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பட்டால் ஒரு நூலை விட்டு விறுவிறுவென்று கீழே இறங்கிவிடும். கொஞ்ச நேரம் அசையாமல் நின்றால் அதே நூலைப் பிடித்து மேலே ஏறி வரும்.

வலை தெரியவில்லை என்று அதன் மேல் மாவு தூவுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பசை போய்விட்டால் அன்றைக்கு அதற்கு இரை கிடையாது. பனி விழுந்த காலையில் போனால் வலை தானே தெரியும்.

நான்காவது படி: முள்ளை ஜோடி ஜோடியாகப் பாருங்கள்

இனத்தைக் காட்டிக்கொடுப்பது இதுதான், இங்கே அவசரப்படக் கூடாது.

மொத்தம் ஆறு முள், மூன்று ஜோடி. பக்கவாட்டில் முன்னால் ஒரு ஜோடி, அதே பக்கவாட்டில் அதற்குப் பின்னால் நடு ஜோடி, ஓட்டின் பின் விளிம்பில் பின் ஜோடி. மேலிருந்து எடுத்த படத்தைப் பெரிதாக்கி, ஒரு தாளில் இந்த மூன்றையும் கோடுகளாக வரைந்துகொள்ளுங்கள். வரைந்தால்தான் நீள வித்தியாசம் உறைக்கும். பிறகு கேளுங்கள்: எந்த ஜோடி நீளம்? எத்தனை மடங்கு? நேராகப் போகிறதா, வளைகிறதா? நுனி கூரா, மொழுக்கையா? முள்ளில் மயிர் இருக்கிறதா?

நடு ஜோடி மற்றவற்றைவிடப் பெரியது, ஆனாலும் உடம்பின் அகலத்தைத் தாண்டாமல் அளவோடு நிற்கிறது, அடி தடித்து நுனி கூராகிறது, ஓட்டின் குறுக்கே வெளிர் பட்டையும் கரும்பட்டையும் மாறி மாறி ஓடுகிறது என்றால் காஸ்டெரகாந்தா ஜெமினேட்டா. தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரியது. மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத் தோட்டங்களில் எடுத்த படம் என்றால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். வெளிர் பட்டை சிலதில் வெள்ளையாக இருக்கும், சிலதில் மஞ்சளாக இருக்கும். பெயர் வைத்தவர் டேனிஷ் பூச்சியியலாளர் ஃபாப்ரிசியஸ், ஆண்டு 1798. லின்னேயஸின் மாணவர். அன்று டேனிஷ்காரர்கள் வசமிருந்த தரங்கம்பாடியிலிருந்து அவருக்கு நம் ஊர்ப் பூச்சிகள் கப்பலேறிப் போய்க்கொண்டிருந்தன.

நடு ஜோடி மட்டும் நன்றாக நீண்டு, கருத்து, உற்றுப் பார்த்தால் மயிர் தெரிந்து, முன் ஜோடி அதன் பக்கத்தில் இருக்கிறதா இல்லையா என்று தேடும் அளவுக்குச் சின்னதாக இருந்தால் மாக்ரகாந்தா ஹசெல்டி. ஓடு பெரும்பாலும் ஆரஞ்சு கலந்த மஞ்சள், அதில் கரும்புள்ளிகள். இந்தியாவிலிருந்து இந்தோனேசியா வரை பரவிய இனம்.

நடு ஜோடி உடம்பைவிடப் பல மடங்கு நீண்டு, காளைக் கொம்பு மாதிரி மேல்நோக்கி உள்வாக்கில் வளைந்திருந்தால் யோசிக்கவே வேண்டாம், மாக்ரகாந்தா ஆர்க்குவேட்டா. வேறு எதனோடும் குழப்பிக்கொள்ள முடியாத ஒரே முள் சிலந்தி. கொம்பு உடல் அகலத்தைப் போல மூன்று மடங்கு வரை போகும். மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று எந்த நிறத்திலும் வரும். மரநிழல் உள்ள, காட்டை ஒட்டிய தோட்டங்களில் எதிர்பார்க்கலாம். மலேசிய, சிங்கப்பூர் வாசகர்களுக்கு நம்மைவிட அதிகம் பழக்கமானது.

நடு முள் நுனியை நோக்கிப் போகப் போகப் பருத்து, துடுப்பு மாதிரி தடித்து, கடைசியில் சின்னதாக ஒரு கூர் மட்டும் நீட்டினால் காஸ்டெரகாந்தா ரெமிஃபெரா. இந்தியா, இலங்கை இரண்டிலும் உண்டு.

ஆறு முள்ளும் குட்டை, ஓடு கறுப்பு வெள்ளை என்றால் காஸ்டெரகாந்தா குலியைப் பாருங்கள். இந்தியாவிலிருந்து ஜப்பான் வரை உள்ளது. கறுப்பு வெள்ளை விகிதம் ஒன்றுக்கொன்று நிறைய மாறும்.

முள் என்று சொல்லவே தயக்கமாக, உருண்டையான புடைப்பின் மேல் ஒரு துளிக் கூர் மட்டும் இருக்கிறதா? ஓடு பளிச்சென்று இல்லாமல் சாம்பல், பழுப்பு, வெள்ளை கலந்த திட்டுகளாக இருக்கிறதா? அது தெலகாந்தா பிரெவிஸ்பைனா. மடகாஸ்கரில் ஆரம்பித்து இந்தியா, பிலிப்பைன்ஸ், ஆஸ்திரேலியா, பசிபிக் தீவுகள் வரை எங்கும் பரவியிருக்கிறது. அழகில்லை என்று படம் எடுக்காமல் விட்டுவிடுவார்கள், பாவம்.

ஐந்தாவது படி: ஓட்டின் மேல் உள்ள குழிகள்

ஓட்டின் விளிம்பை ஒட்டி வரிசையாகச் சிறு கருவட்டங்கள் இருக்கும். பெரிதாக்கிப் பார்த்தால் ஒவ்வொன்றும் ஒரு பள்ளம், சுற்றிலும் மெல்லிய வரம்பு. உள்ளிருந்து தசைகள் வந்து ஓட்டைப் பிடிக்கும் இடங்கள் இவை. முன் விளிம்பில் ஒரு வரிசை, பின் விளிம்பில் ஒரு வரிசை, நடுவில் சரிவகமாக நிற்கும் நாலு.

நிறம் மாறினாலும் இவை இருக்கும் இடம் சுலபத்தில் மாறாது என்பதுதான் இவற்றின் மதிப்பு. முன்வரிசையில் எத்தனை, பின்வரிசையில் எத்தனை, நடுவில் உள்ள நாலும் சம இடைவெளியிலா என்று குறித்துக்கொள்ளுங்கள். வட்டமா, நீள்வட்டமா என்பதையும் எழுதுங்கள். ஓரத்தில் உள்ளவை பெரிதாகவும் நீண்டும் இருப்பது சகஜம். நிபுணர் யாராவது படத்தைப் பார்த்தால் அவர் கண் போகும் இடம் இது. மஞ்சள் ஓட்டில் எண்ணுவது சுலபம். கரும்பட்டைக்குள் மறைந்த குழிகளைப் பார்க்க, போனிலேயே படத்தின் வெளிச்சத்தைக் கூட்டினால் போதும்.

ஆறாவது படி: அடிப்பக்கம், கடைசியாக நிறம்

அடிப்பக்கம் பொதுவாகக் கருமை, மஞ்சள் திட்டுகளோடு. நடுவில் நூல் வரும் காம்புகள் ஒரு கெட்டியான வளையத்துக்குள் அடங்கியிருக்கும். பெண் முழு வளர்ச்சி அடைந்ததா என்று சொல்லும் உறுப்பும் இந்தப் பக்கம்தான். சாதாரணப் படத்தில் அது தெளிவாக விழாது. விழுந்தால் வைத்துக்கொள்ளுங்கள், சந்தேகம் வரும் நாளில் உதவும்.

நிறத்துக்கு இப்போது வரலாம். அடிநிறம் எது, பட்டையா புள்ளியா, பட்டை குறுக்கே ஓடுகிறதா, முள் ஓட்டின் நிறமா வேறா என்று எழுதுங்கள். முள் நிறமும் ஓட்டு நிறமும் தனித்தனியாக மாறும். கான்க்ரிஃபார்மிஸிலேயே வெள்ளை ஓட்டுக்குச் சிவப்பு முள்ளும் உண்டு, மஞ்சள் ஓட்டுக்குக் கறுப்பு முள்ளும் உண்டு. முள்ளும் குழியும் ஒரு பெயரைச் சொல்லி, நிறம் மட்டும் இடித்தால், நிறத்தை விட்டுவிடுங்கள்.

தொடலாமா, கடிக்குமா?

முள்ளில் விஷம் கிடையாது, விழுங்க வரும் பறவையின் வாயில் குத்தத்தான் அந்த முள். பெரும்பாலான சிலந்திகளைப் போல இதற்கும் விஷப்பல் உண்டு, கையில் வைத்து நசுக்கினால் கடிக்கலாம். ஆனால் மனிதருக்குப் பெரிய பாதிப்பு வந்ததாகத் தெரிந்த இனம் இல்லை இது. பிள்ளைகள் பார்க்கட்டும், பிடிக்க வேண்டாம்.

நடைபாதையின் குறுக்கே கட்டிவிட்டதா? மருந்து அடிக்காதீர்கள். ஒரு குச்சியால் ஒரு பக்க நூலை மட்டும் சுருட்டி எடுத்துப் பக்கத்துச் செடியில் ஒட்டிவிட்டால், சிலந்தி அதோடு போய்ச் சேர்ந்துகொள்ளும். எப்படியும் வலையை அடிக்கடி புதிதாகக் கட்டுகிற ஜாதி அது.

ஏழாவது படி: பெயரை உறுதி செய்து பதிவிடுவது

உயிரினப் படங்களைப் பதிவிட்டுப் பெயர் கேட்க உதவும் ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் நான்கு படங்களையும் ஒரே பதிவாக ஏற்றுங்கள். தனித்தனியாக ஏற்றினால் மேல்பக்கமும் அடிப்பக்கமும் வேறு வேறு சிலந்திகளாகிவிடும். ஊர், தேதி இரண்டும் கட்டாயம். செயலி ஒரு பெயரைப் பரிந்துரைக்கும். உடனே ஏற்காமல், அந்த இனம் உங்கள் பகுதியில் பதிவாகியிருக்கிறதா என்று வரைபடத்தைத் திறந்து பாருங்கள். அமெரிக்க, ஆஸ்திரேலிய இனங்கள் அங்கேயே உதிர்ந்துவிடும். ஆஸ்திரேலியாவில் டிசம்பர் கோடையில் கூட்டமாகத் தென்படுவதால் கிறிஸ்துமஸ் சிலந்தி என்று அழைக்கப்படும் ஆஸ்ட்ரகாந்தா மினாக்ஸ் இப்படி அடிக்கடி நம் ஊர்ப் படங்களில் வந்து ஒட்டிக்கொள்ளும்.

முள் படத்தில் தெளிவில்லை என்றால் இனப் பெயர் போடாமல் பேரினத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அரைகுறையாக ஓர் இனப் பெயரைப் போடுவதைவிட அது எவ்வளவோ மேல். தப்பான பெயரோடு இருக்கும் படத்தைப் பார்த்துத்தான் அடுத்தவரும் தப்பாகப் பெயர் வைப்பார்.

பழைய புத்தகங்களையோ பதிவுகளையோ ஒப்பிடும்போது பெயர் மாறியிருந்தால் திகைக்க வேண்டாம். கொம்புச் சிலந்தியான ஆர்க்குவேட்டாவும் ஹசெல்டியும் நெடுநாள் காஸ்டெரகாந்தா என்ற பேரினத்திலேயே இருந்தவை. பிறகுதான் மாக்ரகாந்தாவுக்குப் போயின. இன்னும் பல இணையப் பக்கங்கள் பழைய பெயரிலேயே இருக்கின்றன. இன்றைக்குச் செல்லுபடியாகும் பெயர் எது என்பதற்கு, சுவிட்சர்லாந்தின் பெர்ன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் பராமரிக்கும் உலகச் சிலந்திப் பட்டியலை இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். தேடும்போது இரண்டு பேரினப் பெயரையும் போட்டுத் தேடுங்கள்.